ஓட்டுவதா, காட்டுவதா? – பழங்கார்களும் நாஞ்சில் நாட்டுச் சாலையும்

புறநானூற்றின் 95ஆம் பாடலைத் தமிழ் கற்றோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தன் வலிமையைக் காட்ட விரும்பிய தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பது அப்பாடலுக்குச் சொல்லப்படும் பின்னணி. ஔவையார் பார்த்தார். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் மின்னிக்கொண்டிருந்தன கருவிகள். எம் மன்னனின் கருவிகளோ போரில் நுனி முறிந்து கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போன்ற பழிப்பும், பழிப்பது போன்ற புகழ்ச்சியும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

இப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நமக்கு, சில காலமாக வேலும் வாளும் நினைவுக்கு வருவதில்லை. பழைய கார்களே நினைவுக்கு வருகின்றன. இலக்கியம் பேச வந்த இடத்தில் கார் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். ஒரு கருவியின் பெருமை அதன் பொலிவில் உள்ளதா, பயன்பாட்டில் உள்ளதா என்ற ஔவையின் கேள்விதான் இன்று பழங்கார் வைத்திருப்போர் முன்னும் நிற்கிறது. அரை நூற்றாண்டு கடந்த ஒரு காரைத் துடைத்து மெருகேற்றிக் கண்காட்சியில் நிறுத்துவதா? சாலையில் ஓட்டித் தேய்ப்பதா? 2021ஆம் ஆண்டு முதல் இது சுவை பற்றிய கேள்வியாக மட்டும் இல்லாமல் சட்டம் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிட்டது. ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம்.

சாலை முன்னே, வண்டி பின்னே

ஒரு காரின் வரலாற்றை அறிய வேண்டுமாயின் அது ஓடிய சாலையின் வரலாற்றை முதலில் அறிய வேண்டும். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திரு-கொச்சியோடும் இருந்த நிலம். பத்மநாபபுரம் பழைய தலைநகர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர், தக்கலை, நாகர்கோயில் வழியே குமரிமுனை வரை செல்லும் சாலையே இந்நாட்டின் உயிர்நாடி ஆயிற்று. நாகர்கோயிலில் இன்றும் ‘கேப் ரோடு’ என்றுதான் அதன் ஒரு பகுதியை அழைக்கிறோம்.

இச்சாலைக்குப் பெரிய மாற்றம் வந்தது 1930களில். சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் இது சிமெண்ட் காங்கிரீட் சாலையாக உருப்பெற்றது. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையை ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் என்பவரை அழைத்து வந்து அத்துறையை ஒப்படைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களோடு கப்பலில் வந்திறங்கின. அவற்றின் மேற்கூடு முழுவதும் இங்கேயே கட்டப்பட்டது. மன்னர் குடும்பத்தார் அமர்ந்திருந்த முதல் பேருந்தைச் சால்ட்டரே ஓட்டிச் சென்றார்.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது அந்த மேற்கூட்டைத்தான். எஞ்சின் வெளிநாட்டது, உடல் இந்த மண்ணின் மரத்தச்சரும் கொல்லரும் செய்தது. மாட்டு வண்டிக்கு அச்சு கடைந்தும் தேருக்குச் சக்கரம் பொருத்தியும் பழகிய கைகள் மோட்டார் வண்டிக்குப் பழகிக்கொண்ட காலம் அது. மோட்டார் வரலாறு என்பது வண்டி வைத்திருந்தவர்களின் வரலாறு மட்டுமன்று. பழுது பார்த்தவர்களின் வரலாறும்தான்.

அந்நாளில் நம் ஊர்களில் காருக்குப் பெயர் ‘பிளசர்’. இன்பச் செலவுக்கான வண்டி என்னும் ஆங்கிலச் சொல்லாட்சியிலிருந்து முன்பாதியை மட்டும் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் தமிழறிஞர்கள் ‘மகிழுந்து’ என்றார்கள். மகிழ்வும் உந்துதலும் சேர்ந்த சொல். ‘மகிழ்நிறுத்தி’ என்று எவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே சிரித்துக்கொண்டு குறித்துவைப்போம்.

ஓர் இளவரசரும் ஒரு பென்ஸும்

ஓட்டுவதன் பக்கம் நின்று பேசுவதற்கு இப்பகுதியிலேயே பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. சித்திரைத் திருநாளின் இளவல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) வைத்திருந்த மெர்சிடிஸ் பென்ஸ் 180 டி வகைக் கார் அது. 1950களில் வாங்கப்பட்டது. கர்நாடகப் பதிவான ‘சி.ஏ.என். 42’ என்பது அதன் எண். அக்காரில் அவர் கடந்த தொலைவு பல இலட்சம் மைல்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்பழைய வண்டியைப் பெற்றுக்கொண்டு புதிய கார்கள் இரண்டு தர உற்பத்தி நிறுவனமே முன்வந்ததாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அச்செய்திகள் கூறின.

மைல் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்தாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. அவ்வண்டியை உலகறியச் செய்தது அதன் அரச உரிமையன்று. இந்தியச் சமஸ்தானங்களில் அதைக் காட்டிலும் விலையுயர்ந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் எத்தனையோ இருந்தன. 180 என்பது ஜெர்மனியில் நடுத்தரக் குடும்பத்தார்க்கும் வாடகை வண்டிக்காரர்க்கும் பயன்பட்ட சாதாரணக் கார். தொடர்ந்து ஓடியது என்ற ஒரே காரணத்தால் அது வரலாறாயிற்று. கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்திருந்தால் நூறு கார்களில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

கடலுக்கு அப்பால்

இவ்வழக்கு மேலைநாடுகளிலும் உண்டு. 1896 நவம்பர் 14ஆம் நாள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்கு மோட்டார் வண்டிகள் திரளாகப் புறப்பட்டன. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற விதி நீங்கி, வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாடிய பயணம் அது. அதன் நினைவாக 1927இல் தொடங்கிய ஓட்டம், போர்க்காலம் போன்ற இடைவெளிகள் நீங்கலாக, நவம்பர் தோறும் நடந்து வருகிறது. 1905க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கே இடம். மழை பெய்யும், வண்டி வழியில் நிற்கும், ஓட்டுநர் சாலையோரத்தில் கையெல்லாம் எண்ணெயாகப் பழுது பார்ப்பார். இது பந்தயமன்று. போய்ச் சேர்வதே பெருமை.

மறுபுறம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெபிள் கடற்கரைப் புல்வெளியில் 1950 முதல் நடக்கும் அழகுப் போட்டி. தொண்டைமானின் கொட்டில் என்றால் அதுதான். திருகாணியின் தலைகூட மின்னும். ஆனால் அங்கும் 1998 முதல் ஒரு மாற்றம் வந்தது. போட்டிக்கு முன் கார்கள் கூட்டமாகச் சாலையில் ஓடும் பயணம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். இரண்டு கார்கள் சமமான புள்ளி பெற்றால், அப்பயணத்தை ஓடி முடித்த காருக்கே முன்னுரிமை. அழகை அளக்க வந்தவர்களே ஓட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள்!

1966இல் தோன்றிய பழங்கார்க் கழகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, 2012இல் டுரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது. பழங்கட்டடங்களுக்கு 1964இல் வந்த வெனிஸ் சாசனத்தை ஒட்டியது அது. பழைய வண்டியைப் பாதுகாப்பதில் அதைச் சாலையில் ஓட்டுவதும் ஒரு பகுதி என்பதை அச்சாசனம் ஏற்றுக்கொள்கிறது.

நம் தேரும் பல்லக்கும்

இதை அறிய நமக்கு டுரின் வரை போக வேண்டியதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழாவில் தேர்கள் வீதியில் ஓடுகின்றன. நாகர்கோயில் நாகராஜா கோயிலில் தை மாதத் தேர். மரத்தேர் என்பது கலைப்பொருள்தான். அதன் சிற்பங்களைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காக்கலாம் என்று ஒருவர் வாதிடவும் கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. ஓடுவதால் அச்சு தேய்ந்தது. தேய்ந்ததால் தச்சர் தேவைப்பட்டார். தச்சர் தேவைப்பட்டதால் அக்கலை தலைமுறை கடந்தது. ஓடாமல் நின்ற தேர்களின் கதையும் நமக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பின் நின்றுபோய், 1970இல் மீண்டும் ஓடியது. அதை ஓட்டுவதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் பொறியியல் துணை வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் நின்ற ஒன்றை அசைப்பது புதிதாக ஒன்றைச் செய்வதற்கு ஒப்பான வேலை.

நவராத்திரியை நினையுங்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் சென்று திரும்புகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை இன்று அருங்காட்சியகம். ஆயினும் அதன் உடைவாள் அந்நாளில் வெளியே எடுக்கப்பட்டு ஊர்வலத்தின் முன் செல்கிறது. மாநில எல்லை மாறி எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன, ஊர்வலம் நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டார்க்குப் பாதுகாப்பு என்பது அசையாமல் வைப்பது என்று பொருள்பட்டதே இல்லை.

நிற்கும் வண்டிக்கு நேர்வது

இனி இயந்திரத்துக்கு வருவோம். பல மாதம் நின்ற காரில் பெட்ரோல் ஆவியாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் போலப் படிகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் சக்கரத்தருகே உள்ள சிறு உருளைகள் துருவேறி இறுகுகின்றன. எஞ்சினில் எண்ணெய் முழுதும் அடியில் வடிந்துவிட மேற்பகுதி காய்கிறது. டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகிறது. பாட்டரி இறக்கிறது. இருக்கைப் பஞ்சில் எலி குடியேறுகிறது. மூன்று கடல்கள் சூழ்ந்த நம் மாவட்டத்தில் உப்புக்காற்று வேறு. இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றே: பத்து நாளுக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டுவது. கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது போதாது. அதில் உண்டாகும் நீராவி புகைக்குழாயை உள்ளிருந்தே அரிக்கும்.

ஓட்டுவோருக்கும் இடர் இல்லாமலில்லை. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்ட எஞ்சின்கள் பல. அப்பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் எத்தனால் அரிக்கிறது. உதிரி உறுப்புக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட வண்டியை இன்றைய நான்குவழிச் சாலையின் வேகத்தில் இறக்குவது துணிச்சலன்று, அறியாமை.

காட்டுவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. தொழிற்சாலையில் பூசிய வண்ணம் ஒருமுறை போனால் போனதுதான். உலகில் இரண்டோ மூன்றோ மட்டும் எஞ்சியுள்ள காரை ஒரு லாரியின் கவனக்குறைவுக்குப் பலியிட முடியாது. சில வண்டிகளின் மதிப்பு வண்டியில் இல்லை, அமர்ந்தவரிடம் இருக்கிறது. சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசிடர் நிற்கிறது. 1969 முதல் இறக்கும் வரை நாகர்கோயில் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த காமராசர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 எண் காரும் இவ்வகையே. இவை பாரியின் தேர் போன்றவை. முல்லைக்கென்று நிறுத்தப்பட்ட தேரை மீண்டும் ஓட்டிவர எவரும் சொல்ல மாட்டார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களும் தேவையானவையே. ஒரு தொழில்நுட்பத்தின் வளர்ச்சியை வரிசையாகக் காண வேறு வழியில்லை.

ஆனால் கண்காட்சிக்கென்று புதுப்பிக்கும் வழக்கத்தில் ஒரு முரண் இருக்கிறது. வரலாற்றைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வரலாற்றைத் துடைத்துவிடுகிறோம். தேய்ந்த கிளட்ச் மிதியின் ரப்பர், ஓட்டுநரின் முழங்கை பட்டு வழுவழுப்பான கதவு விளிம்பு, டாஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டியிருந்த தடம் ஆகியவை ஓலைச்சுவடியின் ஓரக்குறிப்பு போன்றவை. பரிசு வேண்டி இவற்றை நீக்கி, தொழிற்சாலையே கண்டிராத பளபளப்பை ஏற்றுகிறோம். சுவடியைப் பதிப்பிக்கிறேன் என்று சொல்லித் தன் சொற்களை எழுதிச் சேர்ப்பவரை நாம் பதிப்பாசிரியர் என்போமா?

சட்டம் சொல்வது

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பகுதி சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படை மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதில் அடங்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிகளின் எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். முறையான ஓர் அடையாளம் இல்லாமல் தவித்த வண்டிகளுக்கு இது நன்மையே. பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கை வந்த அதே ஆண்டில் இப்பாதுகாப்பும் வந்ததை மறுக்க இயலாது.

ஆயினும் அவ்விதி ஒரு வேலியும் இட்டது. இவ்வாறு பதிவான வண்டி கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். ஞாயிறு மாலை மனைவி மக்களோடு ஆரல்வாய்மொழி வரை சென்று வருவது இப்பட்டியலில் இல்லை. அதாவது காட்டுவதற்காக ஓட்டலாம். ஓட்டுவதற்காக ஓட்டக் கூடாது.

பிற நாடுகளில் இப்படி இல்லை. ஜெர்மனியில் 1997 முதல் 30 ஆண்டு கடந்த, நல்ல நிலையிலுள்ள கார்களுக்கு ‘எச்’ என்று முடியும் எண் தருகிறார்கள். அவ்வண்டியை அன்றாடம் ஓட்டத் தடையில்லை. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்குச் சாலை வரியும் ஆண்டுச் சோதனையும் விலக்கு. நம் நகரங்களின் புகையும் நெரிசலும் வேறு என்பதை அறிவோம். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் அளவு வகுத்து, அதற்குள் எங்கு வேண்டுமாயினும் செல்லலாம் என்று விதித்தாலே போதும். இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

எவருடைய கார்?

நம்மை உறுத்தும் வேறொன்றும் உண்டு. கண்காட்சிப் புல்வெளியில் இடம் பிடிப்பவை பெரும்பாலும் அரசர், ஆலை அதிபர், நடிகர் கார்கள். நம் மக்களைச் சுமந்தவையோ வேறு. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு; மும்பையின் பியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி; உத்தரபாராவின் அம்பாசிடர். மணமக்கள் போனதும், பேறுகாலத்துப் பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனை சேர்த்ததும், இறந்தவரை ஊருக்குக் கொண்டுவந்ததும் இவைதாம். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் சாலையிலிருந்து விடைபெற்றது. எண்ணிக்கையில் மிகுந்திருந்த காரணத்தாலேயே எவரும் காக்க நினைக்காமல் இவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. ஐம்பது ஆண்டு நிறையும் வரை காத்திருந்தால் பழம்பெருமைக்கு ஒன்றுகூட மிஞ்சாது.

இவற்றோடு போவது ஓர் அறிவுத்தொகுதி. கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்பவர், எஞ்சின் தலையில் வால்வைக் கையால் தேய்த்து அமர்த்துபவர், தகரத்தைச் சுத்தியலால் தட்டியே வளைவு எடுக்கும் டிங்கர் ஆகியோர் நம் ஊர்ப் பட்டறைகளில் முதுமை எய்திவிட்டார்கள். அவர்கள் கணினியால் பழுது கண்டறியும் இன்றைய வண்டிகளுக்கு வேண்டாதவர்கள். ஓடும் பழங்கார் ஒன்று இருந்தால் ஆண்டுக்கு நான்கு முறையாவது அவரிடம் போகும். அருகில் நின்று பார்க்க ஒரு பையனும் இருப்பான். நிற்கும் காருக்கு மெருகு போடுபவர் போதும்.

ஆகவே நம் கருத்து இது. ஒப்பற்ற தனிவண்டிகள், பெரியோர் நினைவு வண்டிகள் நிற்கட்டும். ஏனையவை ஓடட்டும். கண்காட்சி நடத்துவோர் லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் காருக்கு ஒரு பரிசும், சாலையில் ஓடிவரும் காருக்கு ஒரு பரிசும் எனப் பிரித்து வைக்கட்டும். எது மேல் என்று பார்ப்பவர்களே சொல்வார்கள்.

நாஞ்சில் நாட்டில் தந்தையின் ஹெரால்டையோ பாட்டனாரின் மோரிஸ் மைனரையோ வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதன் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் முதலில் ஒழுங்கு செய்யுங்கள். பிரேக்கைப் பழைய கைகளிடம் காட்டிச் சரிபாருங்கள். ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள். பிறகு உங்கள் பதிவு இடந்தரும் நாளில், விடியற்காலையில், நெடுஞ்சாலையை விட்டு வயல்களுக்கு நடுவே செல்லும் பழைய வழியில் முப்பது மைல் வேகத்தில் வண்டியை ஓட்டுங்கள். பக்கத்து இருக்கையில் வீட்டுப் பிள்ளை ஒருவரை அமர்த்திக்கொண்டு, சோக்கை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வழியில் நின்றுபோனால் வருந்த வேண்டாம். அருகிலேயே கொல்லனின் சிறு பட்டறை ஒன்று இருக்கும். இன்னும் சில ஆண்டுகளுக்காவது இருக்கும்.